அந்தப் புள்ள பேரு என்னய்யா?

மார்ச் மாதம் அம்மாவைச் சவானாவுக்குக் கூட்டிப் போயிருந்தேன். திரும்பி வந்ததில் இருந்து ஒரு கேள்வி மனசை அரித்துக்கொண்டே இருக்கிறது. கேட்டது அம்மா. எழுதி வைத்தால்தான் எனக்கு ஆறும். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் நம்மவர்களுக்குச் சவானா புதிதல்ல. அட்லாண்டாவில் இருந்து காரில் நாலு மணி நேரம். 1733 பிப்ரவரியில் ஜேம்ஸ் ஓகல்தோர்ப் கப்பலில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கி, நூல் பிடித்த மாதிரி தெரு போட்டுக் கட்டிய ஊர். கொஞ்ச தூரம் நடந்தால் ஒரு சதுக்கம், அதில் நிழல், பெஞ்சு, ஒரு சிலை. மொத்தம் 24 சதுக்கங்கள் போட்டார்கள், 22 மிஞ்சியிருக்கின்றன. ஓக் மரங்களில் சாம்பல் நிறத்தில் தொங்குவதைப் பார்த்ததும் அம்மா, "மரத்துக்குச் சடை விழுந்திருக்கேய்யா" என்றாள். 'ஸ்பானிஷ் மாஸ்' என்பது இங்கத்திய பெயர். அது பாசியும் இல்லை, ஸ்பெயினுக்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை. அன்னாசிக் குடும்பத்துச் செடி. சடை என்ற சொல்தான் அதற்கு எவ்வளவு பொருத்தம்.

நாங்கள் போனது புனித பேட்ரிக் திருநாள் சமயம். 1824இல் இருந்து ஊர்வலம் போகிற ஊர் இது. கால்வாய் வெட்டவும் ரயில் பாதை போடவும் வந்த ஐரிஷ்காரர்களின் பிள்ளை பேரப்பிள்ளைகள் விடியற்காலையிலேயே மடக்கு நாற்காலியும் சாப்பாட்டுக் கூடையுமாக வந்து இடம் பிடித்து உட்கார்ந்துவிடுகிறார்கள். ஃபோர்சைத் பூங்கா நீரூற்றில் பச்சைத் தண்ணீர். அம்மாவுக்கு நெல்லையப்பர் தேரோட்டத்தில் நிற்கிற மாதிரியே இருந்திருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு பாட்டி அவள் கழுத்தில் பச்சை மணிமாலை போட்டுவிட்டார். அம்மா அதை ஊருக்கு எடுத்துப்போகப் பெட்டியில் வைத்திருக்கிறாள்.

முந்தின நாள் ராத்திரி பேய்க்கதை சுற்றுலாவுக்குப் போனோம். சவானாவில் அது பெரிய தொழில். கூரையை அறுத்தெடுத்த பழைய சவ ஊர்தியில் உட்காரவைத்தும் கூட்டிப் போகிறார்கள். "பொணம் போன வண்டியில நான் ஏற மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டதால் நடந்து போகும் சுற்றுலாவுக்குச் சீட்டு வாங்கினேன்.

முதலில் பழைய கல்லறைத் தோட்டம். 1820ஆம் ஆண்டு மஞ்சள் காய்ச்சலில் செத்த கிட்டத்தட்ட 700 பேர் அங்கே புதைக்கப்பட்டதாகப் பலகை இருக்கிறது. அம்மா கைகூப்பிவிட்டு நகர்ந்தாள். அப்புறம் மேடிசன் சதுக்கம். அதை ஒட்டிய ஒரு பெரிய மாளிகை வாசலில் எங்களை நிறுத்தி, வழிகாட்டிப் பெண் குரலைத் தாழ்த்தினார். இந்த வீட்டு முதலாளிக்கு மோலி என்ற அடிமைப் பெண்ணோடு தொடர்பு. மனைவி அதைக் கண்ணால் பார்த்துவிட்டு மாடியில் இருந்து குதித்துச் செத்தாள். கொஞ்ச நாளில் மோலி பின்கட்டு அறையில் தூக்கில் தொங்கினாள். இன்றைக்கும் ராத்திரியில் அவள் நடமாடுகிறாள். எங்களோடு வந்தவர்கள் ஜன்னலைப் பார்த்து ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னய்யா சொல்லுதா?" என்று அம்மா கேட்டாள். தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

"அந்தப் புள்ள பேரு என்னய்யா?"

"மோலி."

"அது எசமான் வச்ச பேரா, பெத்தவ வச்ச பேரா? யாரு மக அவ? எங்க பொதைச்சாங்க? கேளு."

கேட்டேன். வழிகாட்டி நல்ல பெண், மழுப்பவில்லை. அதெல்லாம் தனக்குத் தெரியாது, வழிவழியாகச் சொல்லப்படுகிற கதை இது என்றார்.

அன்றைக்கு ராத்திரி விடுதி அறையில் தூங்காமல் தேடிப் படித்தேன். டியா மைல்ஸ் என்ற வரலாற்றாய்வாளர் இதே கேள்வியோடு இந்தக் கதையின் பின்னால் போயிருக்கிறார். அந்த வீட்டில் மோலி என்று ஒரு பெண் இருந்ததற்கு ஒரு சான்றும் அவருக்குக் கிடைக்கவில்லை. முதலாளியின் மனைவி 1860இல் மாடியில் இருந்து விழுந்து இறந்தது உண்மை, அதுவும் பக்கத்து வீட்டில். அப்படியென்றால் ஒரு பெண்ணைக் கற்பனையில் உண்டாக்கி, கற்பழித்து, தூக்கில் தொங்கவிட்டு, தினமும் ராத்திரி சீட்டுப் போட்டுக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். என்னால் அதை வேடிக்கைக் கதையாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. அடிமைப் பெண்களுக்கு அது நிஜமாகவே நடந்துகொண்டிருந்த ஊர் அது.

நாங்கள் நின்ற அதே சதுக்கத்தில், கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இன்னொரு மாளிகை இருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படையோடு வந்து 1864 டிசம்பரில் சவானாவைப் பிடித்த ஜெனரல் ஷெர்மன் அங்கேதான் தங்கியிருந்தார். 1865 ஜனவரி 12ஆம் தேதி கறுப்பினப் போதகர்கள் 20 பேர் அந்த வீட்டு மாடியில் ஷெர்மனையும் போர் அமைச்சர் ஸ்டான்டனையும் சந்தித்தார்கள். அவர்களுக்காகப் பேசியவர் கேரிசன் ஃப்ரேசியர், வயது 67. எட்டு வருஷம் முன்னால்தான் 1,000 டாலர் கொடுத்துத் தன்னையும் மனைவியையும் அடிமைத்தனத்தில் இருந்து மீட்டிருந்தார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: நிலம். எங்கள் உழைப்பால் உழுது பிழைத்துக்கொள்வோம். நாலு நாளில் ஷெர்மன் ஆணை போட்டார். கடலோர நிலத்தைக் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை பிரித்துக் கொடுக்கச் சொன்ன ஆணை. சுமார் 40,000 பேர் குடியேறினார்கள். அந்த வருஷம் முடிவதற்குள்ளேயே புது ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சன் அதைத் திருப்பி, நிலத்தைப் பழைய பண்ணையார்களிடமே கொடுக்க வைத்தார்.

இந்த வீட்டைப் பற்றி எங்கள் சுற்றுலாவில் ஒரு வார்த்தை வரவில்லை. பேய் இல்லாத வீடு என்பதால் விட்டுவிட்டார்கள் போல.

பேய்க்கதையே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்த மண்ணில் பாடுபட்ட கறுப்பின மக்களுக்கே சொந்தமான பேய்கள் உண்டு. கல்லா கீச்சி என்று அவர்களைச் சொல்வார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்து கொண்டுவரப்பட்டு, கடலோரத் தீவுகளில் நெல்லும் பருத்தியும் விளைவித்தவர்கள். அவர்கள் சொல்லும் 'பூ ஹேக்' ராத்திரியில் வந்து தூங்குகிறவன் நெஞ்சில் ஏறி உட்காரும். கதவோரம் விளக்குமாறு வைத்தால் அதன் குச்சியை எண்ணிக்கொண்டே விடிந்துவிடும். அம்மாவிடம் சொன்னேன். "நம்ம அமுக்குவான் பேய்தான்" என்று உடனே கண்டுபிடித்துவிட்டாள். விளக்குமாற்றுக்கும் அவளிடம் ஆட்சேபம் இல்லை.

மறுநாள் காலையில் ஓவன்ஸ்-தாமஸ் வீட்டுக்குப் போனோம். 1819இல் கட்டி முடித்தது. முன்பக்கம் வழவழவென்று பணக்காரத்தனம், வீட்டுக்குள்ளேயே குழாய்த் தண்ணீர். பின்பக்கம் அடிமைகள் இருந்த இரண்டடுக்குக் கட்டடம். அங்கே நிமிர்ந்து பார்த்தால் மேற்கூரைப் பலகையில் நீலம். உரிந்தும் திட்டுத்திட்டாகவும், ஆனால் பளிச்சென்று நிற்கிறது. 'ஹேன்ட் ப்ளூ', அதாவது பேய் நீலம் என்கிறார்கள். சுண்ணாம்பு, மோர், அவுரி நீலம் சேர்த்துக் குழைத்தது. நீலத்தைப் பேய் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளும், தண்ணீரைத் தாண்டாது என்பது நம்பிக்கை. அந்தக் கரையோரத்தில் அவுரி பயிரிட்டு, தொட்டியில் ஊறவைத்து, அந்த நாற்றத்தில் நின்று சாயம் எடுத்ததும் அடிமைகள்தான். அதே சாயத்தில் கொஞ்சம் எடுத்துத் தாங்கள் படுக்கும் இடத்துக்குக் காப்புக் கட்டியிருக்கிறார்கள். நான் அண்ணாந்தபடியே நின்றேன். நேற்று காட்டிய பேயை விட எனக்கு இந்தக் கூரைதான் நெஞ்சை அடைத்தது. ராத்திரி இருட்டில் எதைப் பயந்து இதைப் பூசினார்கள்? பயந்தது செத்தவர்களுக்கு மட்டுமா?

2018இல் இந்த வீட்டின் பெயரிலேயே 'அடிமைக் குடியிருப்பு' என்பதைச் சேர்த்துவிட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. நகராட்சியும் ஒன்று செய்திருக்கிறது. அடிமை முறைக்காக வாதாடிய கால்ஹூன் பெயரில் இருந்த சதுக்கத்துக்கு 2023இல் சூசி கிங் டெய்லர் பெயரை வைக்க முடிவெடுத்தார்கள். அடிமையாகப் பிறந்து, சவானாவில் ஒளிந்து ஒளிந்து எழுத்துப் படித்து, போர்க்களத்தில் செவிலியாகவும் ஆசிரியையாகவும் இருந்தவர் அவர். ஆக, மனசு வைத்தால் பெயர் சொல்ல முடிகிறது.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். எங்கள் ஊர்க் கோயில் கொடைவிழாவில் அநியாயமாகக் கொல்லப்பட்டவர்கள்தான் பாதிப் பேர் தெய்வமாக நிற்கிறார்கள். வில்லுப்பாட்டில் பிறப்பில் இருந்து தொடங்கிப் பாடுவார்கள்: எந்த ஊர், யார் பெற்றது, யார் கொன்றது. கொன்றவன் பேரை மறைக்க மாட்டார்கள். அம்மா அந்தக் கணக்கில்தான் மோலியைக் கேட்டிருக்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

சவானாவில் அப்படிப் பாடுவதற்கு நிஜமான ஆட்கள் இருக்கிறார்கள். 1859 மார்ச் 2, 3 தேதிகளில், ஊருக்கு வெளியே டென் ப்ரோக் குதிரைப் பந்தய மைதானத்தில் பியர்ஸ் பட்லர் என்பவர் தன் கடனை அடைக்க அடிமைகளை ஏலம் விட்டார். பட்டியலில் 436 பேர். கிடைத்த பணம் 303,850 டாலர். அதுவரை அவர்களைக் குதிரை லாயங்களில் அடைத்து வைத்திருந்தார்கள். இரண்டு நாளும் மழை. அவர்கள் வழிவந்தவர்கள் அதை 'அழுகைக் காலம்' என்றே சொல்கிறார்கள். நியூயார்க் ட்ரிப்யூன் நிருபர் மார்ட்டிமர் தாம்சன் வாங்க வந்தவர் போல நடித்து உள்ளே போய் எல்லாவற்றையும் எழுதி வைத்தார். அதனால் நமக்குப் பெயர்கள் தெரியும். ஜெஃப்ரி, 23 வயது, பட்டியலில் எண் 319, 1,310 டாலருக்குப் போனான். தான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட டோர்கஸையும் வாங்கிவிடும்படி புது எஜமானனிடம் மன்றாடினான். டோர்கஸை நாலு பேர் கொண்ட ஒரு குடும்பமாகச் சேர்த்துத்தான் விற்பார்கள் என்று தெரிந்ததும் எஜமானன் கையை விரித்துவிட்டான். ஏலம் முடிந்ததும் பட்லர் ஆளுக்கு ஒரு டாலர் கொடுத்தாராம், புத்தம் புதுக் கால் டாலர் நாணயங்களாக.

அதே 1859இல்தான் ஊருக்குள் முதல் ஆப்பிரிக்க பாப்டிஸ்ட் தேவாலயம் எழும்பியது. பகலெல்லாம் அடிமை வேலை பார்த்துவிட்டு, ராத்திரியில் வந்து செங்கல் வைத்தவர்கள் கட்டியது. தரைப் பலகையில் வைர வடிவத்தில் துளைகள். அடியில் ஒளிந்திருந்தவர்கள் மூச்சு விட என்கிறார்கள் சபையார். காங்கோ மக்களின் பிறப்பு இறப்புச் சின்னம் என்றும் சொல்கிறார்கள். அம்மா குனிந்து ஒரு துளையில் விரலை வைத்துப் பார்த்தாள்.

பேய்ச் சுற்றுலா நடத்துகிறவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். மோலியை விட்டுவிடுங்கள். மேடிசன் சதுக்கத்தில் நின்று ஃப்ரேசியர் பெயரைச் சொல்லுங்கள், ஜெஃப்ரி பெயரைச் சொல்லுங்கள். கேட்கிறவர்களுக்கு உடம்பு சிலிர்க்கத்தான் செய்யும். எனக்குச் சிலிர்த்தது.

கிளம்பும் முன்னால் மேற்குச் சவானாவுக்குக் காரைத் திருப்பினேன். அகஸ்டா அவென்யூ ஓரத்தில் ஒரு முக்கோணப் புல்தரை, அதில் 2008இல் நட்ட ஒரு தகவல் பலகை. ஏலம் நடந்த இடத்துக்கு அடையாளம் அதுதான். ஊர்வலத்துக்கு வந்த கூட்டத்தில் ஒருவர்கூட அங்கே இல்லை. பலகையில் இருந்ததை அம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். பிறகு ஃபோனில் இருந்து ஜெஃப்ரியையும் டோர்கஸையும் பற்றிப் படித்தேன்.

"அந்தப் பிள்ளைய எங்கய்யா கொண்டு போனாங்க?" என்றாள்.

காரில் ஏறிய பிறகும் ரொம்ப நேரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.