ஜெபமாலையா, பட்டாவா?

"கத்தோலிக்க விவசாய நாட்டுல கம்யூனிசம் வேகாதுப்பா" என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாமியார் ஒரு பிரசங்கம் வைத்தால் போதுமாம், செங்கொடி சுருண்டுவிடுமாம். அப்படியானால் போர்ச்சுகலை எந்தக் கணக்கில் வைப்பது என்று கேட்டேன். அதற்குள் டீ ஆறிவிட்டது, அவருக்கும் பஸ் வந்துவிட்டது. மிச்சத்தை இங்கே எழுதிவிடுகிறேன்.

1917-ல் பாத்திமா என்ற ஊரில் மாதா காட்சி கொடுத்ததாக நம்பும் நாடு அது. அந்த மாதா சொன்னதாகப் பரவிய செய்தியிலேயே ரஷ்யாவின் மனமாற்றத்துக்காக வேண்டிக்கொள்வது ஒரு பகுதி. அப்பேர்ப்பட்ட நாட்டில் 1974 ஏப்ரல் 25 அன்று இளம் ராணுவ அதிகாரிகள் 48 வருடச் சர்வாதிகாரத்தை ஒரே நாளில் கவிழ்த்தார்கள். சில நாளிலேயே வெளிநாட்டு வாசம் முடிந்து கம்யூனிஸ்ட் தலைவர் அல்வாரு குன்யால் லிஸ்பனில் வந்து இறங்கினார். அடுத்த மார்ச்சில் வங்கிகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் அரசுடைமை ஆயின. பிரதமர் வாஸ்கு கொன்சால்வ்ஸ் கட்சிக்கு நெருக்கமானவர். வேகாது என்று அன்றைக்கு யாரும் அடித்துச் சொல்லியிருக்க முடியாது.

தேஜு ஆற்றுக்குத் தெற்கே அலென்தெஜு. கோதுமை, ஆலிவ், ஒன்பது வருடத்துக்கு ஒருமுறை பட்டை உரிக்கும் கார்க் மரம். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பண்ணையாருடைய நிலம். ஊர்ச் சதுக்கத்தில் ஆட்கள் விடியும் முன்னே வந்து நிற்பார்கள். மேஸ்திரி வந்து ஆள் பொறுக்கிக்கொண்டு போவார். பொறுக்கப்படாதவர் வீட்டில் அன்றைக்கு உலை கிடையாது. சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை வேலை. எட்டு மணி நேர வேலை என்பது 1962-ல்தான் அங்கே வந்தது, அதுவும் தடை செய்யப்பட்ட கட்சியின் பின்பலத்தோடு நடந்த வேலைநிறுத்தங்களால். 1954-ல் பலெய்சாவ் ஊரில் கூலி உயர்வு கேட்டுப் போன கத்தரினா யூபேமியா என்ற அறுவடைக்காரப் பெண்ணை போலீஸ் சுட்டுக் கொன்றது. அந்த வட்டாரத்து வீடுகளில் மாதா படத்துக்கு இருந்த இடம் அவளுக்கும் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை என்றே நினைக்கிறேன்.

அங்கேயும் எல்லோரும் ஞானஸ்நானம் பெற்றவர்கள்தான். ஆனால் பூசைக்குப் போகிறவர்கள் குறைவு. ஒரு சாமியார் பார்த்துக்கொள்ளும் வட்டாரங்கள் (பங்குகள்) பெரியவை, சாமியார்கள் சொற்பம், இருக்கிற சாமியாரும் பண்ணையார் வீட்டுப் பந்தியில் உட்காருகிறவர். 1975-ல் இந்த ஜனங்கள் பத்து லட்சம் ஹெக்டேருக்கு மேல் நிலத்துக்குள் புகுந்து கூட்டுப் பண்ணைகள் அமைத்தார்கள். நிலத்தை ஆளுக்கு ஒரு துண்டாகப் பிரித்துக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர்கள் கேட்டது வருடம் முழுக்க வேலை, வாரக் கூலி. கட்சியின் திட்டமும் கூலிக்காரன் மனசும் அச்சுப் பிசகாமல் ஒட்டிக்கொண்ட அபூர்வ சந்தர்ப்பம் அது.

வடக்கே மின்யு பகுதிக்குப் போனால் வேறு உலகம். பச்சைப் பசேல் என்று மழை நாடு. ஆளுக்கு ஒரு சின்னத் துண்டு நிலம், மக்காச்சோளம், வரப்போரத்தில் திராட்சைக் கொடி, தொழுவத்தில் ரெண்டு மாடு. அப்பன் பிரான்சில் கொத்து வேலை செய்து அனுப்பிய காசில் வாங்கிய அரைக்காணியும் அதில் சேர்த்தி. அறுபதுகளில் லட்சக்கணக்கானவர்கள் இப்படித்தான் பிரான்சுக்குப் போனார்கள். சிறு விவசாயி நிலத்தைத் தொடமாட்டோம் என்று கட்சி தொண்டை வற்றச் சொன்னது. ஆனால் தெற்கே நில ஆக்கிரமிப்பு நடக்கிற செய்தி ரேடியோவில் வரும்போது, பத்து வருடம் பாரிஸ் குடிசையில் கிடந்து அந்த நிலத்தை வாங்கியவன் எப்படி நம்புவான்? நானாயிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

1975 ஏப்ரல் தேர்தலில் நாடு முழுக்க கம்யூனிஸ்டுகளுக்குக் கிடைத்தது சுமார் 12.5 சதவீதம். இந்தச் சராசரி எதையும் சொல்லாது. தெற்கே பெஜா மாவட்டத்தில் பத்து ஓட்டில் ஏறக்குறைய நான்கு அவர்களுக்கு. வடக்கே பிராகாவில் நூற்றுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. ஒரே மதம், ஒரே மொழி, ஒரே சர்வாதிகாரம். வித்தியாசம் காலடி மண் யார் பேரில் இருந்தது என்பதில்.

திருச்சபைக்குப் பங்கில்லை என்று நான் சொல்லவில்லை. 1975 ஆகஸ்ட் 10 அன்று பிராகாவில் பேராயர் கூட்டிய பெருங்கூட்டம் கலைந்ததும் கட்சி அலுவலகம் எரிந்தது. அந்தக் கோடை முழுக்க வடக்கிலும் மத்தியிலும் இப்படிப் பல அலுவலகங்கள் போயின. இவற்றின் பின்னணியில் வலதுசாரி வெடிகுண்டுக் கும்பல்களும் இருந்தன. 1976 ஏப்ரலில் அவர்கள் வெடி வைத்துக் கொன்றவர்களில் ஒருவர் மாக்சிமினு என்ற இடதுசாரிப் பாதிரியார். அதனால் சாமியார் என்றாலே ஒரே கட்சி என்று எண்ணிவிட வேண்டாம். போர்த்து நகரத்து ஆயர் 1958-ல் சர்வாதிகாரி சலாசாருக்கே கண்டித்துக் கடிதம் எழுதி, அதற்காகப் பத்து வருடம் நாட்டுக்கு வெளியே கிடந்தார்.

ஆனாலும் வடக்கில் ஒரு கதவு கம்யூனிஸ்டுகளுக்குத் திறந்தே இருந்தது என்பது என் வாதம். மலைக்கிராமங்களில் ஊர்ப்பொது மேய்ச்சல் நிலம் இருந்தது, பல்தியு என்பார்கள். சலாசார் அரசு 1938-லிருந்து அதைக் காட்டிலாகாவிடம் கொடுத்து பைன் மரம் நட்டது. ஆடு மேய்த்தால் அபராதம். ஆட்டை விற்றவர்களில் எத்தனையோ பேர் ஊரையே விட்டுப் போனார்கள். பூசைக்குத் தவறாமல் போகிற அந்த விவசாயிக்கு அரசாங்கத்தின் மேல் இருந்த நியாயமான கோபம் இது. "உன் மலை உனக்கு" என்பதுதான் அங்கே முதல் பேச்சாக இருந்திருக்க வேண்டும்.

நடந்தது என்ன? ராணுவம் 'கலாச்சார எழுச்சிப் பிரச்சாரம்' என்று வண்டி கட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போனது. டாக்டர் வந்தார், ரோடு போட்டார்கள், நாடகம் போட்டார்கள், எல்லாம் நல்லதுதான். கூடவே லிஸ்பன்காரன் குரலில் பாடமும் நடந்தது. உழைத்து உருக்குலைந்த மனுஷனிடம் "நீ அறியாமையில் கிடக்கிறாய்" என்று சொன்னால் அவன் சாமியாரிடம்தான் போவான். சாமியாருக்காவது அவன் பாட்டி பேர் தெரியும்.

ஊர்ப்பொது நிலத்தைத் திருப்பிக் கொடுக்கும் சட்டம் 1976 ஜனவரியில் வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, நவம்பர் 25-ல், மிதவாத ராணுவத்தினர் இடது அதிகாரிகளை ஓரங்கட்டி ஆட்டத்தை முடித்துவிட்டிருந்தார்கள்.

தெற்கின் கூட்டுப் பண்ணைகளை 1977 சட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக உடைத்து நிலத்தைப் பழைய பண்ணையார்களிடமே கொடுத்தார்கள். இன்றைக்கு அங்கே ஆலிவ் தோட்டங்களில் காய் பறிக்கிறவர்களில் நேபாளிகளும் நம் பஞ்சாபிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அங்கே ஓட்டில்லை. 2025 தேர்தலில் பெஜாவில் முதலிடம் பிடித்தது ஷேகா, குடியேறிகளை எதிர்க்கும் தீவிர வலதுசாரிக் கட்சி.