5 நாளா, 14 நாளா?

சிஓபிடி (நுரையீரலில் காற்றோட்டம் நாள்பட அடைபடும் நோய்) நோயாளிக்கு மூச்சிரைப்பு திடீரென அதிகமானால் ஸ்டீராய்டு மாத்திரையை 2 வாரம் போட வேண்டும், 5 நாளில் நிறுத்தினால் இரைப்பு திரும்பிவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முன்பு பல இடங்களில் அப்படித்தான் கொடுத்தார்கள், அதனால் அவர் சொல்வது ஆச்சரியமில்லை. ஆனால் இப்போது நிலைமை வேறு.

சுவிட்சர்லாந்தின் 5 மருத்துவமனைகளில் 314 பேரிடம் இதையே சோதித்தார்கள். எல்லாருக்கும் தினம் 40 மில்லிகிராம் பிரெட்னிசோன். பாதிப் பேருக்கு 14 நாளும் மருந்து. மீதிப் பேருக்கு 5 நாள் மருந்து, அப்புறம் 9 நாள் மருந்தில்லாத போலி மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 6 மாதத்துக்குள் மீண்டும் இரைப்பு வந்தவர்கள்: 5 நாள் குழுவில் 35.9 சதவீதம், 14 நாள் குழுவில் 36.8. வித்தியாசமே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 5 நாள் குழுவில் உடம்பில் சேர்ந்த ஸ்டீராய்டு மட்டும் பாதிக்கும் குறைவு.

சரிபார்க்க, மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளத்தில் ‘ரெடியூஸ்’ (REDUCE, இந்த ஆய்வின் பெயர்), ‘பிரெட்னிசோன்’, ‘சிஓபிடி’, 2013 என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்த கட்டுரையின் சுருக்கம் இலவசமாகவே கிடைக்கும். சிஓபிடி சிகிச்சைக்கான ‘கோல்டு’ என்ற சர்வதேச வழிகாட்டி அறிக்கையும் 5 நாள் என்றே சொல்கிறது.

ஏற்கெனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது வேறு கதை.