மிக்சியின் குறையைச் சொன்னால் இனத்துரோகமா?

நேற்று முன்தினம் முதல் அந்தப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் நடப்பதை உங்களில் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். மீதிப் பேருக்கு யாராவது திரைப்பிடிப்பு அனுப்பியிருப்பார்கள். அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. தமிழர் ஒருவர் தம் கடையில் விற்கும் அந்த 750 வாட் இந்திய மிக்சியின் குறைகளைப் பற்றி நான் எழுதிய பதிவை நீக்கச் சொல்கிறார்கள். நீக்க மாட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

"ஒரு தமிழன் கடை திறந்து முன்னேறுவது உனக்குப் பொறுக்கவில்லையா?" என்று ஒருவர் கேட்டார். அதற்கு விருப்பக்குறி போட்டவர்களில் என் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு தீபாவளிக்கும் என்னிடம் முறுக்கும் நெய்யுருண்டையும் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். முகம் தெரியாத ஒருவர் திட்டியிருந்தால் கடந்து போயிருப்பேன். இவர்கள் போட்ட அந்தக் குறிதான் என்னைத் தூங்கவிடவில்லை.

நான் எழுதியது பொருளைப் பற்றி, ஆளைப் பற்றி அல்ல. கடையின் பெயரைக்கூட எழுதவில்லை, மிக்சியின் படத்தை மட்டுமே போட்டேன். என்ன எழுதினேன் என்று இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஊறவைத்த உளுந்தை அரைக்கும்போது கருகல் வாடை வருகிறது. அடியிலிருக்கும் சிவப்புப் பொத்தான் வெளியே தள்ளிக்கொண்டு மிக்சி நின்றுவிடுகிறது. பெரிய ஜாரில் பிளேடு சுழலும் தண்டு வழியாகத் தண்ணீர் கசிந்து மோட்டார் பக்கம் இறங்குகிறது. ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளரின் பற்கள் தேய்ந்துவிட்டன. மாற்றுக் கப்ளர் கிடைக்கவில்லை. பிளக் நம் மலேசிய நாட்டுப் பிளக் அல்ல, பாதுகாப்புச் சோதனையில் தேறியதைக் காட்டும் சிரிம் முத்திரை எங்குமே இல்லை. இவ்வளவுதான்.

நல்லதையும் எழுதினேன். சின்ன ஜாரில் தேங்காய்ச் சட்னி மைய அரைகிறது, காய்ந்த மிளகாயும் மல்லியும் திப்பி இல்லாமல் பொடியாகின்றன, ஜாரின் எஃகு நல்ல கனம் என்றெல்லாம் எழுதியிருக்கிறேன். அந்த வரிகளை ஒருவர்கூட எடுத்துப் போடவில்லை.

"உனக்கு மிக்சியைப் பயன்படுத்தத் தெரியவில்லை" என்கிறார்கள். வீட்டிலிருந்தே பலகாரம் செய்து விற்கிறவள் நான். மிக்சி மோட்டார் அதிவேகமாகச் சுழல்வது, சீக்கிரம் சூடேறும், விட்டுவிட்டுத்தான் ஓட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். கையேட்டில் ஐந்து நிமிடம் ஓட்டி இரண்டு நிமிடம் நிறுத்தச் சொல்லியிருக்கிறது. அந்த ஐந்து நிமிடம் ஆவதற்குள்ளேயே பொத்தான் தள்ளுகிறது என்பதுதான் என் குறை. பெட்டியின் மேல் 750 வாட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அது மோட்டார் இழுக்கும் மின்சாரத்தின் அளவு, அரைக்கும் திறனுக்கு உத்தரவாதம் அல்ல. இதையும் அந்தப் பதிவிலேயே எழுதியிருந்தேன். உளுந்துக்குக் கிரைண்டர்தானே என்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கடைக்காரர் போட்ட விளம்பரக் காணொளியில் அவரே வடைக்கு உளுந்து அரைத்துக் காட்டுகிறார். காட்டியதைத்தான் நான் செய்து பார்த்தேன்.

"இந்தியப் பொருள் என்றால் இவளுக்கு இளக்காரம்" என்று இன்னொருவர். என் வீட்டுக் கிரைண்டர் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. கோயம்புத்தூர் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. அதைப் பற்றி நான் எழுதிய நீண்ட பதிவைப் படித்துவிட்டு எத்தனை பேர் வாங்கினீர்கள்? அதைக் கொண்டுவந்து விற்றவரும் தமிழர்தான். பெல்ட் அறுந்தபோது தொலைபேசியில் சொன்னேன், மறுநாள் ஆள் அனுப்பிப் போட்டுக் கொடுத்தார். அதையும் எழுதினேன். அன்றைக்கு யாரும் என் இனப்பற்றை அளந்து பார்க்கவில்லை.

இப்போது பிளக்குக்கு வருகிறேன். இதைச் "சின்ன விஷயம்" என்று அந்தக் குழுவில் ஒரு பெரியவர் எழுதியிருந்தார். ஐயா, உங்கள் மீது மரியாதை இருக்கிறது. ஆனால் இது சின்ன விஷயம் இல்லை.

நம் நாட்டுப் பிளக்கில் மூன்று செவ்வக முனைகள் இருக்கின்றன. அதற்குள்ளேயே ஒரு ஃபியூஸ் இருக்கிறது. வயரில் அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் வயர் எரிவதற்கு முன் அந்த ஃபியூஸ் போய்விடும். சுவரில் இருக்கும் துளைகளுக்கு உள்ளே ஒரு மறைப்பு இருக்கிறது. நீளமான எர்த் முனை முதலில் போய்த் தள்ளினால்தான் மற்ற இரண்டு துளைகளும் திறக்கும். குழந்தை விரலையோ கம்பியையோ விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். இந்த மிக்சியோடு வருவது இந்தியாவின் உருண்டை முனைப் பிளக். அதில் ஃபியூஸ் கிடையாது. கூடவே இலவசமாக ஓர் அடாப்டர் தருகிறார்கள். அந்த அடாப்டரில் முனை ஆடுகிறது. ஆடுகிற இடத்தில் சூடு ஏறும், சூடு ஏறினால் பிளாஸ்டிக் உருகும். என் அடாப்டரின் ஓரம் பழுப்பேறிய படத்தை அந்தப் பதிவிலேயே போட்டிருக்கிறேன்.

அடாப்டர் தொலைந்துவிட்டால் நம் வீடுகளில் என்ன செய்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். பிறை என்ற ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், அடுப்புக்குப் பக்கத்துச் சுவிட்சில் நூல் கட்டி ஒரு பேனா மூடியைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். மேல் துளையில் அந்த மூடியைச் செருகி, மறைப்பு திறந்ததும் உருண்டை முனையை உள்ளே அழுத்துவார்கள். அந்த வீட்டில் எட்டு வயதுப் பிள்ளைகூட அதைச் செய்கிறது. எர்த் இல்லை, ஃபியூஸ் இல்லை, பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி. இதைப் பார்த்துவிட்டு வந்து நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா?

சுருஹான்ஜாயா தெனாகா, அதாவது எரிசக்தி ஆணையம், வீட்டு மின்பொருள்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலிலுள்ள பொருள்களை இந்த நாட்டில் விற்க வேண்டுமென்றால் ஆணையத்தின் அனுமதி வேண்டும். மிக்சி, பிளெண்டர் போன்ற சமையலறை இயந்திரங்கள் அதில் உண்டு. பிளக் உண்டு, அடாப்டரும் உண்டு. சிரிம் முத்திரை என்று நாம் தேடிப் பார்ப்பது அதற்காகத்தான். இது என் சொந்தக் கருத்து இல்லை, நாட்டின் சட்டம். அந்த முத்திரை இல்லை என்று எழுதினால் எனக்கு இனத்துரோகி என்று பட்டம். இல்லாமலே விற்றவருக்கு ஆறுதல் வார்த்தைகள்.

"நேரில் சொல்லியிருக்கலாமே?" சொன்னேன். செய்தி அனுப்பினேன், படம் அனுப்பினேன். படித்ததற்கு அடையாளமாக இரண்டு நீலக் குறியும் விழுந்தது. பதில் வரவில்லை. பாகான் ஆஜாமில் மின்பொருள் பழுதுபார்க்கும் சீனப் பெரியவரிடம் கப்ளரைக் கொண்டுபோனேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, விரலால் ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தார். மோட்டாரைக் காப்பாற்றத்தான் இதை முதலில் தேயும்படி செய்கிறார்கள், தேய்வது தப்பில்லை, மாற்றுக் கிடைக்காததுதான் தப்பு என்றார். தன்னிடமிருந்த ஒரு டப்பாக் கப்ளரையும் மேசைமேல் கொட்டி ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை. 'பாராங் தாடா', சாமான் இல்லை என்று மலாயில் சொல்லிக் கையை விரித்தார். காசும் வாங்கவில்லை.

சிறு வியாபாரி, ஒரு பதிவால் அவர் பிழைப்பே போய்விடும் என்று சிலர் வருத்தப்படுகிறீர்கள். அந்த வருத்தம் நியாயமானதுதான். கடன் வாங்கிச் சரக்கு இறக்கியிருப்பார், வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். ஆனால் 329 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கியவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காக அந்தக் குழுவில் யாராவது ஒரு வரி எழுதினீர்களா?

நம்மவர், நம்மவர் என்கிறீர்கள். என் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். நாங்கள் தோட்டத்திலிருந்து பட்டர்வொர்த்துக்கு வந்த புதிதில், சொந்தத்தில் ஒருவர் வீடு வீடாகத் தவணைக்குப் பாத்திரம் விற்றுக்கொண்டிருந்தார். அவரிடம் அம்மா ஒரு பிரஷர் குக்கர் வாங்கினார். கொஞ்ச நாளில் மூடியின் ரப்பர் வளையம் தளர்ந்துவிட்டது. ஓரமெல்லாம் ஆவி போகும், விசில் வராது. மாற்று வளையம் கேட்டால், "அடுத்த தடவை கொண்டுவருகிறேன் அக்கா" என்பார். ஒவ்வொரு மாதமும் தவணைக்கு வருவார், அம்மா தேநீர் போட்டுக் கொடுப்பார், பணத்தை எண்ணிக் கொடுப்பார். வளையம் மட்டும் வரவே இல்லை. குக்கர் அலமாரியின் மேல் ஏறிவிட்டது, தவணை ஓடிக்கொண்டே இருந்தது. தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துவிட்டு வந்து, பருப்பு வேகும் வரை அடுப்பு முன்னால் நின்றுகொண்டே கண்ணயர்வார் அம்மா. "சொந்தக்காரன், கேட்டால் முகம் கோணும்" என்று கடைசிவரை ஒரு சொல் கேட்கவில்லை. அதே ஆளிடம் எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இன்னும் பல பேர் அதே குக்கரை வாங்கினார்கள். அம்மா சொல்லவில்லை. அவர்களும் அடுத்தவருக்குச் சொல்லவில்லை.

அதனால்தான் நான் சொல்கிறேன். என் அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை, அதனால்தான் நான் சொல்கிறேன்.

இதில் இன்னொன்று. பொருள் வந்த அன்றே பெட்டியைப் பிரித்து, கேமரா முன்னால் ஒரு வெங்காயச் சட்னி அரைத்து, "சூப்பர், எல்லோரும் வாங்குங்கள்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. பொருளை இலவசமாக வாங்கினார்களா, காசும் வாங்கினார்களா என்று கேட்பதில்லை. பெட்டி பிரித்த அன்றைக்கு எல்லா மிக்சியும் நன்றாகத்தான் ஓடும். ஏர் ஃபிரையர் கூடையின் பூச்சு முதல் நாள் உரியாது. இடுக்கி உரசும் மூலையில், கழுவிக் கழுவித்தான் உரியும். நான் சொந்தக் காசில் வாங்கி, மாதக்கணக்கில் சமைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். ஒரு நிறுவனமும் எனக்கு ஒரு காசு கொடுத்ததில்லை, கொடுக்க வந்தவர்களையும் வேண்டாம் என்று அனுப்பியிருக்கிறேன். காசு வாங்கிப் புகழ்கிறவர்கள் நம் இனத்துக்கு உழைக்கிறார்கள், காசு கொடுத்து வாங்கி உண்மையைச் சொல்கிறவள் காட்டிக்கொடுக்கிறாள் என்றால், எந்தக் கணக்கில் இது நியாயம்?

"ஒரு மிக்சிக்கா இவ்வளவு?" இந்தக் கேள்விதான் எனக்கு மிகவும் கோபம் மூட்டியது. இதைக் கேட்டவர்கள் எல்லோரும் ஆண்கள். இவர்களே காரின் டயரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், எந்த எண்ணெய் நல்லது என்று இரவெல்லாம் வாதம் செய்கிறார்கள். அது அறிவு. அரைக்கும்போது மோட்டாரின் ஓசை மாறுவதை வைத்தே பிளேடு தேய்ந்திருக்கிறது என்று சொல்லும் பெண்ணின் அறிவு மட்டும் அறிவில்லையா? விடியற்காலையில் எழுந்து, பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குச் சட்னி அரைக்க வேண்டிய நேரத்தில் மிக்சி நின்றுபோனால் அந்த வீட்டில் யார் பதில் சொல்கிறார்கள்? பழுதான மிக்சிக்கும் சேர்த்து எங்கள் கைதான் உழைக்கிறது. நாங்கள் தொட்டுப் புழங்கும் பொருளைப் பற்றி நாங்கள் பேசினால் வம்பு என்கிறீர்கள். பேசாமலிருந்தால் குடும்பப் பெண் என்கிறீர்கள். என் அம்மா குடும்பப் பெண்ணாகத்தான் இருந்தார். அந்தக் குக்கர் அலமாரியிலேயே இருந்தது.

இதெல்லாம் பினாங்கில் நடக்கிறது என்பதுதான் எனக்கு இன்னும் வருத்தம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் 1969இல் இங்கேதான் தொடங்கப்பட்டது. எஸ்.எம். முகமது இட்ரிஸ் ஐயா 2019இல் மறையும் வரை அதன் தலைவராக இருந்து, பெரிய பெரிய நிறுவனங்களையெல்லாம் பெயர் சொல்லிக் கேள்வி கேட்டார். நான் பெயர்கூடச் சொல்லாமல் ஒரு மிக்சியைப் பற்றிக் கேட்டிருக்கிறேன்.

வழக்குப் போடுவேன் என்று கடைக்காரர் தரப்பில் ஒருவர் எழுதியிருக்கிறார். சட்டத்தைப் பற்றி நீங்களே பேச்செடுத்ததால் நானும் சொல்கிறேன். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்குப் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப் பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுப் போட ஐந்து வெள்ளிதான் கட்டணம். வழக்கறிஞர் வேண்டியதில்லை. 50,000 வெள்ளி வரை கேட்கலாம். நான் இன்னும் அங்கே போகவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. அந்த மிக்சியின் சின்ன ஜாரை இன்றைக்கும் சட்னிக்குப் பயன்படுத்துகிறேன், பிளக்கை மட்டும் உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் கொடுத்து மாற்றிவிட்டேன்.

கடைக்காரரே, இந்தப் பதிவு உங்கள் கண்ணில் பட்டால் மூன்று விஷயங்களுக்குப் பதில் சொல்லுங்கள். மாற்றுக் கப்ளர் எங்கே கிடைக்கும், என்ன விலை? ஏற்கெனவே வாங்கிப் போனவர்களுக்கு நம் நாட்டுப் பிளக்கை மாற்றித் தருவீர்களா? அடுத்து வரும் சரக்கில் சிரிம் முத்திரை இருக்குமா? நீங்கள் சொல்லும் பதிலை, ஒரு சொல்லும் குறைக்காமல், அந்தப் பதிவுக்குக் கீழேயே போடுகிறேன். கப்ளர் கிடைத்துவிட்டால் கிடைத்துவிட்டது என்றும் எழுதுகிறேன். பதிவை நீக்கச் சொல்லி மட்டும் இனி யாரும் என் உள்பெட்டிக்கு வராதீர்கள்.