பின்வரிசையில் நின்ற மால்கம் யங்

ஹார்ட் ராக் கலைஞர்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பேச்சு எப்படியும் முன்னணி கிட்டார் கலைஞர் தனித்து வாசிக்கும் லீட் சோலோக்களில்தான் போய் நிற்கிறது. ஏசி/டிசி என்ற ராக் குழுவின் பெயரைக் கேட்டதும் பள்ளிச் சீருடையில் மேடையெங்கும் துள்ளும் ஆங்கஸ் யங்தான் நினைவுக்கு வருகிறார். அவருடைய திறமையில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஆனாலும் அந்தக் குழு இசையுலகுக்குத் தந்த மிகப் பெரிய சொத்து, டிரம்ஸுக்குப் பக்கத்தில் நின்று, பாடலின் தாளத்தைத் தாங்கும் ரிதம் கிட்டார் வாசித்த அவருடைய அண்ணன் மால்கமின் வலக்கைதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

1953-ல் கிளாஸ்கோவில் பிறந்து, 1963-ல் குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த மால்கம், 1973-ல் சிட்னியில் இந்தக் குழுவைத் தொடங்கினார். கடைசிவரை அவர் கையில் இருந்தது ஒரு பழைய க்ரெட்ச் கிட்டார். கம்பிகளின் அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பிக்கப்களில், கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் அருகே இருந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றிவிட்டார். தடித்த கம்பிகளைப் பூட்டி ஓங்கி வாசித்தார். ஆம்ப்ளிஃபயரிலோ ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனைக் குறைத்தே வைத்தார். டிஸ்டார்ஷன் கூடக்கூட ஒரு கார்டுக்குள், அதாவது சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுக்குள், இருக்கும் சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பி வெறும் இரைச்சலாகிவிடும். மால்கமின் கார்டுகளில் ஒவ்வொரு கம்பியும் தனித்துக் கேட்கும். அந்த முரட்டுத்தனம் முழுக்க முழுக்க அவருடைய கை தந்தது.

1980-ல் வெளியான 'பேக் இன் பிளாக்' பாடலின் தொடக்கத்தை ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். டிரம்ஸின் ஹை-ஹாட் தட்டு தாளத்தை எண்ணிக் கொடுக்க, ஈ கார்டு ஒருமுறை இறங்குகிறது. பிறகு நொடிக்கும் குறைவான ஓர் அமைதி. அதன் பின்னரே டி, ஏ கார்டுகள் வருகின்றன. அந்த இடைவெளியில் ஒரு கம்பிகூட அதிராதபடி கை அடக்கிப் பிடித்திருப்பதால்தான் அடுத்த கார்டு அத்தனை கனமாக விழுகிறது. மூன்றே கார்டுகளை வைத்துக் காலம் தள்ளிய குழு என்று இவர்களைக் குறை சொல்பவர்கள் இந்த அமைதியைக் கேட்டதே இல்லை என்றுதான் நான் நினைப்பேன். வேகமாக வாசிப்பதைப் பயிற்சியால் எட்டிவிடலாம். எந்த இடத்தில் வாசிக்காமல் இருக்க வேண்டும் என்ற தெளிவு அவ்வளவு எளிதில் கைவருவதில்லை. பாடகர் பான் ஸ்காட் இறந்த சில மாதங்களுக்குள், புதிய பாடகருடன், அந்தப் பாடலின் பெயரிலேயே இவ்வளவு நிதானமான ஒரு ஆல்பத்தை அவர்களால் உருவாக்க முடிந்தது என்பது இன்றும் எனக்கு வியப்பளிக்கிறது.

அவருடைய இறுதிக் காலம் மனத்தைப் பிசைகிறது. 2008-ல் தொடங்கிய உலகச் சுற்றுப்பயணத்தின்போதே நினைவாற்றல் குறையத் தொடங்கியிருந்ததால், தாமே உருவாக்கி முப்பது ஆண்டுகளாக வாசித்துவந்த பாடல்களை அவர் மீண்டும் உட்கார்ந்து கற்றுக்கொண்டு மேடையேற வேண்டியிருந்தது. மறதி நோயால் 2014-ல் குழுவிலிருந்து விலகினார். 2017 நவம்பர் 18 அன்று, 64 வயதில் காலமானார். அவருடைய இடத்தில் இப்போது நின்று வாசிப்பவர் அண்ணன் மகன் ஸ்டீவி யங். 2020-ல் வந்த 'பவர் அப்' ஆல்பத்தின் அத்தனை பாடல்களிலும் இசையமைப்பாளர்களாக ஆங்கஸின் பெயரோடு மால்கமின் பெயரும் இருக்கிறது; அவர் விட்டுச்சென்ற, திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்குகளான ரிஃப்களிலிருந்தே அந்தப் பாடல்கள் உருவாயின.