சான் மரினோவின் மல்லரும் மக்கள்தொகைக் கணக்கும்

2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய மல்லர் தீபக் புனியா வெண்கலப் பதக்கத்துக்காகக் களமிறங்கியபோது எங்கள் வீட்டில் எல்லோரும் தொலைக்காட்சியின் முன்னால்தான் உட்கார்ந்திருந்தோம். காலையில் நம் ஹாக்கி அணி ஜெர்மனியை 5-4 என வென்றிருந்ததால், இன்னொரு பதக்கத்தை ஏதோ வரவேண்டிய பாக்கியைப் போல எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். மல்யுத்தத்தில் 86 கிலோ ஃப்ரீஸ்டைல் பிரிவு. ஆட்டம் முடிய ஏறத்தாழ பத்து வினாடிகள் இருக்கும்வரை தீபக் 2-1 என முன்னிலையில் இருந்தார். அப்போது எதிராளி அவருடைய காலைப் பற்றினார். பிடியிலிருந்து மீள முடியாமல் தீபக் சாய்ந்தார், இரண்டு புள்ளிகள் போயின. நம் தரப்பு செய்த மேல்முறையீடும் எடுபடாததால் விதிப்படி மேலும் ஒரு புள்ளி எதிராளிக்கே சேர்ந்து ஆட்டம் 4-2 என முடிந்தது.

வென்றவர் மைல்ஸ் நஸெம் அமீன். அவருடைய நாடு, நாற்புறமும் இத்தாலி சூழ்ந்த, 61 சதுர கிலோமீட்டர் பரப்பும் சுமார் 34,000 மக்களும் கொண்ட சான் மரினோ. ஐந்தே வீரர்களை அனுப்பிய அந்நாடு, துப்பாக்கிச் சுடுதலில் கிடைத்த இரண்டையும் சேர்த்து, மூன்று பதக்கங்களுடன் ஊர் திரும்பியது. ஒரு நகராட்சி அளவு மக்கள் நம்மை வீழ்த்திவிட்டார்களே என்று அப்போது ஒரு சாரார் கேலி செய்தார்கள். அவர் அமெரிக்கர்தானே, கடன் வாங்கிய வீரர்தானே என்று இன்னொரு சாரார் சமாதானம் சொன்னார்கள். இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை.

அமீன் பிறந்து வளர்ந்தது மிச்சிகன் மாநிலத்தில் என்பது உண்மைதான். ஆனால் டெட்ராய்ட் வட்டாரத்தில் சான் மரினோவிலிருந்து குடிபெயர்ந்தவர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள். அவருடைய தாய் அந்த வழியில் வந்தவர், குடியுரிமையும் அப்படி வந்ததுதான். தந்தைவழித் தாத்தா லெபனானுக்காக மல்யுத்தம் செய்தவர், தந்தையோ மிச்சிகன் பல்கலைக்கழக அணியில் ஆடியவர். சகோதரர் மாலிக்கும் சான் மரினோவுக்காகவே களமிறங்குபவர் என்பதால், அந்த நாட்டு மல்யுத்த அணி என்று நாம் சொல்வது ஏறக்குறைய ஒரு குடும்பம்தான். தாய்வீட்டுக் கொடியை ஏந்துவதைக் கடன் என்று எப்படிச் சொல்வது?

ஒலிம்பிக்கில் ஓர் எடைப் பிரிவுக்கு ஒரு நாடு ஒருவரைத்தான் அனுப்ப முடியும் என்ற விதியையும் இங்கே பார்க்க வேண்டும். 86 கிலோவில் அமெரிக்காவின் இடம் டேவிட் டெய்லருக்குப் போனது. அவர் காலிறுதியில் அமீனை 12-2 என்றும், அரையிறுதியில் தீபக்கை 10-0 என்றும் வென்று, இறுதியில் தங்கமும் பெற்றார். அப்படி ஒருவர் முன்னால் நிற்கும்போது, அவருக்குப் பின்னால் இருக்கும் நல்ல மல்லர்கள் வேறு வாசல் தேடத்தான் செய்வார்கள். 2024 பாரிஸில் இதே பிரிவில் பல்கேரியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்த மகமது ரமசானோவ் ரஷ்யாவின் தாகெஸ்தானைச் சேர்ந்தவர். அவரைப் பற்றி நான் இவ்வளவு தாராளமாகப் பேசுவேனா என்று கேட்டால், தயக்கம்தான். பெற்றோர் வழி உறவு வேறு, பதக்கத்துக்காக ஏற்படும் உறவு வேறு.

மக்கள்தொகைக் கணக்குக்கு வருகிறேன். சான் மரினோவின் 34,000 பேரும் ஒரு மல்லரை உருவாக்கிவிடவில்லை. பள்ளிப் பருவம் முதல் மல்யுத்தப் போட்டிகள் நடக்கும் மிச்சிகன்தான் உருவாக்கியது. நம் பக்கத்திலும் 140 கோடி பேர் மல்யுத்தம் செய்வதில்லை. தீபக், ஹரியானாவின் ஜஜ்ஜர் மாவட்டத்துக் கிராமத்திலிருந்து வந்து டெல்லி சத்ரசால் அரங்கில் பயின்றவர். அதே நாளில் 57 கிலோவில் வெள்ளி வென்ற ரவி தாஹியாவும் ஹரியானாக்காரர், அதே அரங்கில் வளர்ந்தவர். அன்று மாலை நாங்கள் பார்த்தது ஹரியானாவின் அகாடா எனும் மல்யுத்தக் கூடத்துக்கும் மிச்சிகனின் பயிற்சி அரங்குக்கும் இடையிலான ஆட்டம். அதில் வித்தியாசம் பத்து வினாடிதான்.