19 யூரோ டிக்கெட், 60 யூரோ பை

ஊர் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. இன்னும் அந்த இரும்புக் கூண்டை நினைத்தால் ஆத்திரம் அடங்க மாட்டேன் என்கிறது.

இத்தாலியில், வெனிஸுக்குப் பக்கத்தில் இருக்கும் திரெவீசோ விமான நிலையம். விமானம் ஏறும் வாசலில் பை அளக்க ஒரு கூண்டு வைத்திருந்தார்கள். 40 செ.மீ. உயரம், 25 அகலம், 20 ஆழம். அதற்குள் அடங்கினால் இலவசம். என் பை உள்ளே போய்விட்டது. என் தோழியின் பை முக்கால்வாசி இறங்கி, இரண்டு விரல் அளவு வெளியே நின்றது. பாரிஸுக்கு அவள் எடுத்த டிக்கெட் 19 யூரோ. அந்த இரண்டு விரல் இடத்துக்கு 60 யூரோ கேட்டார்கள்.

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தாள். இரண்டு ஸ்வெட்டரையும் ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டாள். துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டாள். அப்போதும் அடங்கவில்லை. பைக்கு அடியில் இருந்தது பருப்புப் பொடி டப்பா. அவள் அம்மா வறுத்து, பூண்டு தட்டிப் போட்டு அரைத்து, பதினெட்டு நாளைக்கு வரும் என்று கணக்குப் பண்ணிக் கொடுத்து அனுப்பியது. பாதி அப்படியே இருந்தது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, அதைக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டாள். திரும்பி வந்து வைத்ததும் பை கூண்டுக்குள் சரக்கென்று இறங்கியது. அப்புறம்தான் அந்த ஊழியர் சொன்னார், கணினியில் ஏற்கெனவே பதிந்தாயிற்று, பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்று.

கட்டினோம். கதவை மூடப் போகிறோம் என்று நிற்கிறார்கள், வேறென்ன செய்ய முடியும்? யூரோ நூறு ரூபாயை நெருங்கிக்கொண்டிருந்த நேரம். ஏறக்குறைய ஆறாயிரம் ரூபாய், ஒரு நிமிடத்தில் போனது.

விமானத்தில் இடம் இல்லை, அதனால்தான் இந்தக் கட்டுப்பாடு என்றால் ஒப்புக்கொள்வேன். ஆனால் முன்னுரிமை டிக்கெட் வாங்கியவர்கள் ஆளுக்கு இரண்டு பையோடு எங்களைத் தாண்டிப் போனார்கள். பணம் வாங்கியதும் எங்கள் பையும் அதே விமானத்தில்தான் ஏறியது. இடமும் இருந்தது, எடையும் தாங்கியது. அப்படியானால் அந்த 60 யூரோ எதற்கு?

இதில் சட்டம் இல்லாமல் இல்லை. நியாயமான அளவும் எடையும் உள்ள கைப்பைக்குத் தனியாகக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 செப்டம்பரிலேயே தீர்ப்பில் சொல்லியிருக்கிறது. ‘நியாயமான அளவு’ எத்தனை சென்டிமீட்டர் என்று அது சொல்லவில்லை. அந்த ஓட்டையில் நுழைந்துதான் கூண்டு இவ்வளவு சின்னதாக வந்து நின்றது. 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசு ஐந்து மலிவு விலை விமான நிறுவனங்களுக்கு 17.9 கோடி யூரோ அபராதம் போட்டது. காரணங்களில் கைப்பைக் கட்டணமும் ஒன்று. நிறுவனங்கள் வழக்குக்குப் போய்விட்டன. நாங்கள் போனது 2025 மே மாதம். கூண்டு அப்படியேதான் இருந்தது.

சரி, பாரிஸில் இறங்கினோமா? இல்லை. இறங்கிய இடம் பொவே. டிக்கெட்டில் பாரிஸ் என்று போட்டிருக்கும். அங்கிருந்து பாரிஸ் 85 கிலோமீட்டர். சென்னைக்கு டிக்கெட் வாங்கியவரை மதுராந்தகத்தில் இறக்கிவிட்டால் நாம் சும்மா இருப்போமா? ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் பெயரை ஒட்டிக்கொண்டிருக்கும் ஹான் விமான நிலையம் அந்த ஊரிலிருந்து 120 கிலோமீட்டர். பொவேயிலிருந்து ஊருக்குள் போகும் பஸ்ஸுக்குக் கொடுத்த காசு, விமான டிக்கெட்டுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

ஐரோப்பா செலவு பிடிக்கும் இடம் என்று எங்களுக்குத் தெரியும். இரண்டு வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அது. விசாவுக்கு மட்டும் ஆளுக்கு 90 யூரோ. 2024 ஜூனுக்கு முன்னால் 80 இருந்தது. அதற்கு நான் முணுமுணுக்கவே இல்லை, ஏனென்றால் அந்தத் தொகையை முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இத்தாலியில் காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் ஒரு விலை. அதையும் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறார்கள். நாங்கள் நின்றே குடித்தோம், அருமையான காபி. முழு விலையை முகத்துக்கு நேரே சொன்னால் முடிந்தால் வாங்குவோம், முடியாவிட்டால் விட்டுவிட்டுப் போவோம். பாதி விலையைச் சொல்லிக் கூப்பிட்டு, வாசலில் நிறுத்தி மீதியைப் பிடுங்குவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

ரோமில் எட்டுக் கட்டில் போட்ட அறை. இணையத்தில் பார்த்து, கணக்குப் போட்டு, பதிவு செய்துவிட்டுப் போனோம். நகர வரியை ரொக்கமாகத் தனியே எடுத்து வைக்கச் சொன்னார்கள். அது அரசு வாங்குவது, சரி. துண்டுக்குத் தனிக் காசு. அலமாரிக்குப் பூட்டு வேண்டுமா, அதற்கும் தனி. காலை பத்து மணிக்கு அறையைக் காலி பண்ண வேண்டும், ரயில் மாலை நான்கு மணிக்கு. அதுவரை பையை ஒரு மூலையில் போட்டு வைக்க ஆளுக்கு ஐந்து யூரோ. மூலைக்கு வாடகை! நல்ல ஹோட்டலில் தங்குகிறவர்களிடம் யாராவது துண்டுக்கும் பை வைக்கவும் காசு கேட்பார்களா? குறைவாகக் கொடுக்கிறவர்களிடம்தான் இப்படிக் கிள்ளிக் கிள்ளி எடுக்கிறார்கள்.

அதே ரோமில் தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய்கள் உண்டு. வளைந்த மூக்கு மாதிரி இருப்பதால் ‘நசோனே’, பெரிய மூக்கு, என்று பெயர். 1874-இல் வைக்க ஆரம்பித்து இன்றைக்குச் சுமார் 2,500 இருக்கின்றன. இரவு பகலாகக் குளிர்ந்த நல்ல தண்ணீர், ஒரு காசு கிடையாது. நாங்கள் தண்ணீர் பாட்டில் வாங்கவே இல்லை. இப்படி ஊருக்கே தண்ணீர் கொடுக்கத் தெரிந்தவர்கள் கழிப்பறையில் மட்டும் ஏன் இப்படி நடந்துகொள்கிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை.

பெரிய ரயில் நிலையம் ஒன்றில் கழிப்பறை வாசலில் சுழல் கதவு, ஒரு யூரோ நாணயம் போட்டால்தான் திறக்கும். தோழிக்கு அன்றைக்கு மாதவிடாயின் இரண்டாம் நாள். ரயில் தாமதமானதால் மூன்று தடவை போக வேண்டியிருந்தது. மூன்றாவது தடவை எங்களிடம் நாணயம் இல்லை. இருபது யூரோ நோட்டை வைத்துக்கொண்டு நான் கடை கடையாகச் சில்லறை கேட்டு ஓடினேன். ஒரு கடையிலும் தரவில்லை. கடைசியில் எனக்கு வேண்டாத ஒரு சாக்லேட்டை வாங்கிச் சில்லறை மாற்றி வருவதற்குள் அவள் சுவரில் சாய்ந்து வெளிறிப்போய் நின்றாள். அந்தக் கதவை உடைத்திருக்க வேண்டும் என்று இப்போதும் தோன்றுகிறது.

இது பணம் இல்லாத ஊர்களின் பிரச்சினை இல்லை. பாரிஸில் தெருவோரக் கழிப்பறைகள் 2006 முதல் இலவசம், நாங்களே போனோம். ஆம்ஸ்டர்டாமில் வாய்க்கால் ஓரமாக ஆண்களுக்கு இரும்புத் தகட்டு மறைப்புகள் நிற்கின்றன, அதுவும் இலவசம். பெண்களுக்கு? தெருவில் ஒதுங்கியதற்கு அபராதம் போடப்பட்ட ஒரு பெண் 2017-இல் வழக்காடியபோது, ஆண்களுக்கான மறைப்பைப் பயன்படுத்தியிருக்கலாமே என்று நீதிபதி சொன்னார். அந்த ஊர்ப் பெண்கள் கொதித்துப்போனார்கள். அந்தக் கொதிப்பு எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

ஃப்ளோரன்ஸிலிருந்து பீசாவுக்குப் போன ரயிலைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வரிசையில் நின்று, காசு கொடுத்து, காகித டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் ஏறினோம். அங்கே ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் உள்ள சின்னப் பெட்டிக்குள் டிக்கெட்டை நுழைத்து நேரம் குத்திக்கொள்ள வேண்டும். அந்த விவரம் டிக்கெட்டில் எறும்பு எழுத்தில் இருந்தது. பரிசோதகர் வந்தார், புரட்டிப் பார்த்தார், ஆளுக்கு ஐம்பது யூரோ என்றார். அதே டிக்கெட்டை வைத்து இன்னொரு தடவையும் போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது, தெரியும். ஆனால் டிக்கெட் வாங்கிய நேரம் பத்து நிமிடம் முன்னால்தான் என்று அதிலேயே அச்சடித்திருந்தது. விரலை வைத்துக் காட்டினேன். அவர் பார்க்கக்கூட இல்லை. காசே கொடுக்காமல் ஏறியவரும் காசு கொடுத்து முத்திரை குத்தாதவரும் அவருக்கு ஒன்றுதான்.

வெனிஸில் இன்னொன்று. பகலில் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்கும் முறை 2024 ஏப்ரல் 25-இல் ஆரம்பித்தது, ஐந்து யூரோ. 2025-இல் கடைசி நேரத்தில் பதிகிறவர்களுக்குப் பத்து. நாங்கள் கடைசி நேரம், சனிக்கிழமை. வெனிஸில் இரவு தங்குகிறவர்களுக்கு இது கிடையாது. அவர்கள் தங்கும் வரி கட்டுகிறார்கள், உண்மை. ஆனால் வெனிஸில் தங்கக் கட்டுப்படியாகாமல் பக்கத்து ஊரான பதுவாவில் தங்கிய நாங்கள் அங்கேயும் தங்கும் வரி கட்டிவிட்டு, இங்கேயும் கட்டினோம். அந்த ஊர்க்காரர்களின் எரிச்சலைக் குறை சொல்ல மாட்டேன். பழைய நகரத்தில் இப்போது ஐம்பதாயிரம் பேர்கூட இல்லை. ஜனத்திரளில் அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டவே சிரமப்படுகிறார்கள். கூட்டத்தைக் குறைக்க வேண்டுமென்றால் இத்தனை பேர்தான் என்று எண்ணிக்கை வைக்கட்டும். முதல் வருஷம் 29 நாளில் சுமார் 24 லட்சம் யூரோ வசூலானது. பணம் கட்டினால் எத்தனை பேர் வேண்டுமானாலும் உள்ளே போகலாம் என்பது கூட்டத்தைக் குறைக்கும் வழியா?

இதையெல்லாம்விட எனக்கு வலிப்பது வேறு. பன்னிரண்டு வருஷச் சிநேகிதம் எங்களுடையது. பணத்துக்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அந்தப் பயணத்தில் தினமும் சண்டை. "அந்தப் பெட்டியை நீ பாக்கலையாடி?" "நீதானே டிக்கெட் வாங்கின?" பீசாவின் சாய்ந்த கோபுரத்துக்கு முன்னால் ஆளுக்கொரு பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தோம். எவ்வளவு நாள் ஆசைப்பட்ட இடம்! ஒரு படம்கூடச் சேர்ந்து எடுத்துக்கொள்ளவில்லை. எங்கேயோ யாரோ எறும்பு எழுத்தில் அடித்து வைத்ததற்கு நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவள் அம்மா சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: "பொடி பத்துச்சா கண்ணு? இன்னும் கொஞ்சம் சேத்துக் கொடுத்திருக்கலாம்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

"பத்துச்சும்மா" என்றாள் அவள், இலையைப் பார்த்தபடியே.