214 புள்ளி எடுத்த பிள்ளையைப் பூச்சியம் என்று சொல்லாதீர்கள்

சனிக்கிழமை இரவிலிருந்து அந்தப் படம் எல்லாக் குழுக்களிலும் சுற்றுகிறது. 2025 யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் சுவிஸுக்காகப் பாடிய ஸோயி மேயின் முகம், பக்கத்தில் பெரிய முட்டை. பகிர்ந்தவர்களில் பாதிப்பேர் எனக்கு வேண்டியவர்கள், அதனால்தான் பேசாமல் இருக்க முடியவில்லை.

அவள் பூச்சியம் எடுக்கவில்லை. 214 புள்ளி எடுத்தாள். இறுதிச் சுற்றுக்கு வந்த 26 பாட்டுகளில் பத்தாமிடம். நடுவர் புள்ளிகளில் ஒஸ்ரியாவுக்கு அடுத்த இடம். மக்கள் வாக்கில் மட்டும்தான் பூச்சியம். இதைச் சொன்னால் "அதுதானே, மக்களுக்குப் பிடிக்கவில்லை" என்கிறீர்கள். சரி, அந்த வாக்கை எப்படி எண்ணுகிறார்கள் என்று பார்த்தீர்களா? ஒவ்வொரு நாட்டிலும் முதல் பத்துப் பாட்டுகளுக்குத்தான் புள்ளி. எல்லா நாட்டிலும் பதினோராவதாக வந்தாலும் கிடைப்பது பூச்சியம்தான். சொந்த நாட்டுக்காரர் போட முடியாது, ஆகவே சுவிஸில் இருக்கிற நான் விரும்பினாலும் அவளுக்கு ஒரு வாக்குக்கூடப் போட வழியில்லை. 2025இல் ஆளுக்கு இருபது வாக்கு வரை காசு கொடுத்துப் போடலாம் என்று இருந்ததால், உயிரைக் கொடுத்து ரசிக்கிறவர்களின் பாட்டுத்தான் மேலே போகும். பலருக்கு இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ பிடித்த பாட்டு அப்படியே நின்றுவிடும். யாருக்குமே பிடிக்கவில்லை என்று அந்தப் பூச்சியம் சொல்லவில்லை.

இவள் பாடியதுபோல மெதுவான பிரெஞ்சுப் பாட்டு எடுபடாது என்று ஒரு அண்ணை எழுதியிருந்தார். 2021இல் சுவிஸுக்காக ஜோன்ஸ் டியர்ஸ் என்ற பாடகர் பாடியதும் மெதுவான பிரெஞ்சுப் பாட்டுத்தான், நடுவர்களிடம் முதலிடம் வந்தது, மக்களும் போட்டார்கள், முடிவில் மூன்றாமிடம். "அப்போ இவளுக்கு ஏன் போடவில்லை?" என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். அவருடைய குரல் உச்சத்துக்குப் போய் ஆளை உலுக்கும். இவள் தனியாக நின்று, பக்கத்தில் இருக்கிறவரோடு கதைப்பதுபோலப் பாடினாள். சோனாக் குளியலைப் பற்றியும் கோப்பியைப் பற்றியும் துள்ளல் பாட்டுகள் ஓடுகிற இரவில் அதைக் கேட்க ஒரு பொறுமை வேண்டும்.

என் மகளுக்குப் பத்து வயதிருக்கும்போது ஒரு வாணி விழாவில் பாட விட்டோம். மூன்று மாதம் பழகினாள். அவள் பாடத் தொடங்கவும் பின்வரிசையில் கொத்துரொட்டிப் பொட்டலம் பிரிக்கிற சத்தம், ஆண்கள் வெளியே போய்வருகிற சத்தம், முன்னுக்கு இருந்த இரண்டு பேர் யாருடையோ வீட்டு விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நடுவராக வந்த சங்கீத ஆசிரியை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார், இரண்டாம் பரிசும் கொடுத்தார். வீட்டுக்கு வரும்போது மகள் கேட்டது, "அப்பா, ஏன் ஒருத்தரும் கேக்கேல்லை?" எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் இல்லை.

சனிக்கிழமை அது திரும்ப வந்தது. மக்கள் வாக்கை நடுவர் பட்டியலின் அடியிலிருந்து வாசித்துக்கொண்டு வருவார்கள். இரண்டாமிடத்தில் இருந்ததால் அவள் கடைசிக்கு முன்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தான் பிறந்த பாசல் நகரில், சொந்தச் சனத்துக்கு நடுவில், முழு ஐரோப்பாவும் பார்க்க, கமராவும் அவள் முகத்தில். பக்கத்தில் இருந்த மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். இப்போது அவளுக்குப் பத்தொன்பது.

இதற்கெல்லாம் நடுவில் ஒருவர் எனக்குக் கீழே எழுதிய கேள்வி: "சுவிஸ் தோத்தால் உனக்கென்ன, அது உன்ர நாடா?" இருபத்துநாலு வருடம் இந்த ஊரில் விடியப்புறம் எழும்பி வேலைக்குப் போகிறேன். பிள்ளைகள் இரண்டும் இங்கே பிறந்தவை. சுவிஸுக்காகப் பாடிய நெமோ 2024இல் வென்று கோப்பையை இங்கே கொண்டு வந்தபோது இதே குழுவில் "எங்கட சுவிஸ்" என்று எழுதியவர்கள் நீங்கள்தானே? கோப்பை வந்தால் எங்கட, ஒரு பிள்ளை கண்கலங்கினால் அவர்கட. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. யூரோவிஷனில் அரசியல் இருக்கிறது, காசு இருக்கிறது, எல்லாம் தெரியும். அதை வேறு நாள் கதைப்போம், வாருங்கள். அவள் அதற்குப் பொறுப்பில்லை.

அந்தப் படத்தை முதலில் போட்ட தம்பி, உன்னை எனக்குத் தெரியும், உனக்கும் பாடுகிற மகள் இருக்கிறாள். படத்தை எடுத்துவிடு. எடுத்தபிறகு அந்தப் பாட்டை ஒருமுறை முழுக்கக் கேள், மூன்று நிமிடம்தான்.